ஜாங் நிங்: ஜகார்த்தாவில் தோற்றவர், பெய்ஜிங்கில் கொடி பிடித்தவர்

கேள்வி: 2008 ஒலிம்பிக்கில் 33 வயதில் தங்கம் வாங்கிய சீன பேட்மிண்டன் வீராங்கனை ஜாங் நிங் எப்படிப்பட்ட ஆட்டக்காரர்? அதற்கு முன்பு ஏதன்ஸில் அவர் வாங்கிய தங்கம், சக வீராங்கனை விட்டுக்கொடுத்ததால் வந்தது என்கிறார்களே, உண்மையா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன், ஏனென்றால் பலரும் அதை மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுகிறார்கள். அது பாதி உண்மை. ஏதன்ஸ் அரையிறுதியில் நடந்தது நடந்ததுதான். அணியின் தலைமைப் பயிற்சியாளரே பிறகு ஒப்புக்கொண்டார். ஆனால் தங்கம் கிடைத்தது அரையிறுதியில் இல்லையே. இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றவர் யாருக்கும் எதையும் விட்டுக்கொடுக்கிற நிலையில் இல்லை. அவர் ஏன் எதிரே நின்றார், பயிற்சியாளர் ஏன் அவரைப் பார்த்து அப்படி பயந்தார் என்பதைச் சொல்ல வேண்டுமானால் பத்து வருடம் பின்னால் போய் ஜகார்த்தாவில் தொடங்க வேண்டும்.

ஜாங் நிங் பிறந்தது 1975 மே மாதம், சீனாவின் வடகிழக்கில் லியாவோனிங் மாகாணத்தில் உள்ள ஜின்ஜோ நகரத்தில். 1991-இல், 16 வயதில், தேசிய அணிக்குள் வந்துவிட்டார். உயரம் 175 சென்டிமீட்டர். அந்தக் காலத்துப் பெண்கள் ஒற்றையர் ஆட்டத்துக்கு இது நல்ல உயரம். அவர் உள்ளே வந்த நேரம் சீனப் பெண்கள் அணிக்குச் சொகுசான காலத்தின் கடைசிக் கட்டம். லி லிங்வெய், ஹான் அய்பிங் என்று எண்பதுகளில் உலகத்தையே ஆட்டிவைத்த இருவரும் ஆடி முடித்துப் போயிருந்தார்கள். பெண்களுக்கான உலக அணிப் போட்டியான ஊபர் கோப்பையை 1984 முதல் 1992 வரை தொடர்ந்து ஐந்து முறை சீனா எடுத்திருந்தது. ஜாங் நிங் தலைமுறையின் வேலை, அதை ஆறாக்குவது.

1994 மே, ஜகார்த்தா. செனாயான் அரங்கத்தில் ஊபர் கோப்பை இறுதி, சீனாவும் இந்தோனேசியாவும். அந்த அரங்கத்தில் இந்தோனேசிய ரசிகர்கள் போடுகிற சத்தத்தைத் தொலைக்காட்சியில் கேட்டவர்களுக்கே காது அடைக்கும். கோர்ட்டில் நிற்பவர் நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள். இந்தோனேசியாவின் பார்சிலோனா ஒலிம்பிக் சாம்பியன் சூசி சுசாந்தி, சீனாவின் யே ஜாவோயிங்கை வென்றார். மற்ற ஆட்டங்கள் மாறி மாறிப் போய் கணக்கு 2-2 என்று நின்றது. கோப்பை யாருக்கு என்பதை மூன்றாவது ஒற்றையர் ஆட்டம் முடிவு செய்ய வேண்டும். சீனா பக்கம் 19 வயது ஜாங் நிங். இந்தோனேசியா பக்கம் மியா ஆடினா. வயது 14. ஆமாம், நம் ஊர்க் கணக்கில் ஒன்பதாம் வகுப்புப் பெண்.

11-7, 10-12, 11-4. ஜெயித்தது மியா. 1975-க்குப் பிறகு முதல் முறையாக ஊபர் கோப்பை இந்தோனேசியாவுக்குப் போனது. அரங்கமே மியாவைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. ஐந்து முறை தொடர்ந்து ஜெயித்த ஒரு நாடு, பள்ளிக்கூடப் பெண்ணிடம் தோற்றுக் கோப்பையை இழந்தது என்றால் அதன் பழி எங்கே போய் உட்காரும்? கடைசி ஆட்டத்தில் தோற்றவர் தலையில்தான். யே ஜாவோயிங்கும் அன்றைக்குத் தோற்றார்தான். ஆனால் சூசியிடம் தோற்றதை யாரும் குற்றமாக நினைக்கவில்லை.

அதற்குப் பிறகான எட்டு ஒன்பது வருடங்களைத்தான் ஜாங் நிங்கின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் முக்கியமான பகுதி. சீன அணியில் இடம் என்பது வரிசையில் நிற்பது மாதிரி. மாகாண விளையாட்டுப் பள்ளிகளில் இருந்து மாகாண அணி, அங்கிருந்து தேசிய அணி என்று ஒவ்வொரு வருடமும் புதிய ஆட்கள் ஏறி வந்துகொண்டே இருப்பார்கள். ஒரு பெரிய ஆட்டத்தில் சறுக்கினால் உடனே யாரும் வெளியே தள்ள மாட்டார்கள், ஆனால் அடுத்த பெரிய ஆட்டத்துக்கு உங்கள் பெயர் ஞாபகத்துக்கு வராது. ஜாங் நிங் அணியில்தான் இருந்தார். தினமும் பயிற்சி செய்தார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்குக்குப் போகவில்லை. அங்கே மியா ஆடினா இந்தோனேசியாவுக்காக வெள்ளி வாங்கினார். இறுதியில் தென்கொரியாவின் பாங் சூ ஹியூனிடம் தோற்றார். 2000 சிட்னிக்கும் ஜாங் நிங் போகவில்லை. சீனா அனுப்பிய மூன்று பேர் கோங் ஜிசாவோ, யே ஜாவோயிங், டாய் யுன். தங்கம் கோங் ஜிசாவோவுக்கு, வெண்கலம் யே ஜாவோயிங்குக்கு. அப்போது ஜாங் நிங்குக்கு 25 வயது. பெண்கள் ஒற்றையரில் 25 வயதில், ஒரு ஒலிம்பிக்கைக்கூடப் பார்க்காமல் இருந்தால், பெரும்பாலானவர்கள் மட்டையை உறையில் போட்டுவிட்டு மாகாண அணிக்குப் பயிற்சியாளராகப் போய்விடுவார்கள்.

சிட்னியைப் பற்றி ஒரு இடைச்செருகல், இது பின்னால் தேவைப்படும். அங்கேயும் அரையிறுதியில் இரண்டு சீனர்கள் மோதினார்கள்: கோங் ஜிசாவோவும் யே ஜாவோயிங்கும். டென்மார்க்கின் கமிலா மார்ட்டினை இறுதியில் எதிர்கொள்ள கோங்தான் சரி என்று முடிவு செய்து, தன்னைத் தோற்கச் சொன்னார்கள் என்று யே ஜாவோயிங் பல வருடம் கழித்து, 2022-இல், டென்மார்க் தொலைக்காட்சி ஒன்றில் வெளிப்படையாகப் பேசினார். ஆக, ஏதன்ஸில் நடந்தது திடீரென்று முளைத்த விஷயம் இல்லை.

சரி, ஜாங் நிங்குக்கு வருவோம். சிட்னி தலைமுறை விலகியது. ஆனால் காலியான இடம் நேராக அவருக்கு வந்துவிடவில்லை. கீழிருந்து கோங் ருயினா, ஜோ மி என்று அவரை விட இளையவர்கள் வந்துவிட்டார்கள். 2001-இல் செவில் நகரத்தில் நடந்த உலக சாம்பியன்ஷிப் இறுதியில் மோதியவர்கள் அந்த இருவரும்தான்; கோங் ருயினா ஜெயித்தார். ஜாங் நிங்குக்கு வெண்கலம். மேலே இருந்தவர்கள் போகும்வரை காத்திருந்தார், போனதும் கீழே இருந்தவர்கள் முந்திக்கொண்டார்கள். அலுவலகத்தில் பதவி உயர்வுக்குக் காத்திருந்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

திருப்பம் 2003-இல். அந்த வருடத்து உலக சாம்பியன்ஷிப் பர்மிங்காமில், மே மாதம் நடக்க வேண்டியது. சார்ஸ் நோய் பரவியதால் ஜூலை கடைசிக்குத் தள்ளிப்போனது. இறுதியில் நடப்பு சாம்பியன் கோங் ருயினாவை ஜாங் நிங் நேர் கேம்களில் வென்றார். 28 வயதில் முதல் உலகப் பட்டம். தேசிய அணிக்கு வந்து 12 வருடம் கழித்து. அடுத்த வருடம் மே மாதம் ஊபர் கோப்பை மறுபடி ஜகார்த்தாவில் நடந்தது. இந்த முறை சீனா தென்கொரியாவை வென்று கோப்பையைத் தக்கவைத்தது. அழுதுவிட்டுப் போன ஊருக்குப் பத்து வருடம் கழித்து வந்து கோப்பையோடு திரும்பிய அணியில் ஜாங் நிங்கும் இருந்தார்.

இப்போது ஏதன்ஸ், 2004 ஆகஸ்ட். சீனாவில் இருந்து ஒற்றையருக்கு மூன்று பேர்: கோங் ருயினா, ஜோ மி, ஜாங் நிங். மூவருமே அரையிறுதிக்கு வந்துவிட்டார்கள். நான்காவது இடத்தில் வந்து நின்றவர் மியா ஆடினா! ஆனால் சட்டையில் இந்தோனேசியா இல்லை. திருமணம் செய்துகொண்டு நெதர்லாந்துக்குக் குடிபோனவர், அந்த நாட்டுக்காக ஆடிக்கொண்டிருந்தார். ஒரு அரையிறுதியில் கோங் ருயினாவை மியா துவைத்துப் போட்டார். இரண்டு கேம்களிலும் கோங் எழவே இல்லை. மற்ற அரையிறுதி ஜாங் நிங்குக்கும் ஜோ மிக்கும் இடையே.

அந்த ஆட்டத்தின் ஸ்கோர் 11-6, 11-4, ஜாங் நிங்குக்கு. அன்றைக்குப் பார்த்தவர்களுக்கு அது சாதாரண வெற்றி. நான்கு வருடம் கழித்து, பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குச் சில மாதங்களே இருந்தபோது, தலைமைப் பயிற்சியாளர் லி யோங்போ சீனத் தொலைக்காட்சியில் விஷயத்தைப் போட்டு உடைத்தார். முதல் கேமை ஜாங் நிங் ஜெயித்ததும், மியாவை அடக்க அவர்தான் சரியான ஆள் என்று முடிவு செய்து, ஜோ மியிடம் இரண்டாவது கேமில் ரொம்பச் சிரமப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டோம் என்றார். வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, இறுதியில் ஜாங் நிங் ஜெயித்ததே அந்த முடிவு சரி என்பதற்குச் சான்று என்ற தொனியில் சொன்னார்.

இதில் என் தீர்ப்பைக் கேட்டால், மூன்று பேரையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். லி யோங்போ செய்தது தவறு. ஒலிம்பிக் அரையிறுதியை ஒரு பயிற்சியாளர் தன் மேசையில் வைத்து முடிவு செய்வதற்கு எந்தத் தேசபக்தியும் சமாதானம் ஆகாது. ஜோ மிக்கு அநியாயம் நடந்தது, சந்தேகமே இல்லை. முதல் கேமில் பின்தங்கியவர் மூன்று கேம்களில் மீண்டு வருவது இந்த விளையாட்டில் தினமும் நடக்கிற விஷயம். அடுத்த ஆட்டத்திலேயே கோங் ருயினாவிடம் முதல் கேமைப் பரிதாபமாகத் தோற்ற பிறகு மீண்டு வந்துதான் ஜோ மி வெண்கலத்தை எடுத்தார். அந்த வாய்ப்பு அரையிறுதியில் அவருக்கு மறுக்கப்பட்டது. பிறகு அவர் சீன அணியை விட்டு ஹாங்காங்குக்காக ஆடப் போனார், உலகத் தரவரிசையில் முதலிடம்கூடப் பிடித்தார், 2010-இல் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி இரண்டு வருடத் தடையோடு கதை முடிந்தது. அவரைப் பற்றி யாராவது தனியாகக் கேட்டால் தனியாக எழுதுகிறேன். மூன்றாவது ஆள் ஜாங் நிங். முதல் கேமை அவர் தன் மட்டையால் ஜெயித்தார், இது பயிற்சியாளரின் கணக்கிலேயே இருக்கிறது. அதற்குப் பிறகு எதிர்ப்பக்கம் என்ன சொல்லப்பட்டது என்பதில் அவருக்குக் கை இருந்ததாக யாரும் நிரூபிக்கவில்லை.

ஆக, ஆகஸ்ட் 19 அன்று இறுதியில் எதிரே நின்றவர் மியா. இதைவிடப் பொருத்தமாக ஒரு கதாசிரியர் எழுதியிருந்தால் 'ரொம்ப சினிமாவாக இருக்கிறது' என்று திருப்பிக் கொடுத்திருப்பார்கள். 14 வயதுப் பெண்ணுக்கு இப்போது 24 வயது, மூன்று நாளில் 25. 19 வயதுப் பெண்ணுக்கு 29. முதல் கேம் மியாவுக்கு, 11-8. ஜகார்த்தா மறுபடி நடக்கப்போகிறதோ என்று தோன்றும் இடம். அங்கிருந்து 11-6, 11-7 என்று இரண்டு கேம்களையும் ஜாங் நிங் எடுத்தார். இந்த ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். மியாவின் கை வேலை ஜாங் நிங்குடையதை விட அழகு என்றுதான் நான் சொல்வேன்: நெட்டில் மணிக்கட்டைக் கடைசி நொடியில் திருப்பி ஷட்டிலை எங்கேயோ அனுப்புவார். முதல் கேமில் அது ஜாங் நிங்கைக் குழப்பியது. இரண்டாவதில் இருந்து ஜாங் நிங் செய்தது ஒன்றே ஒன்று, மியாவை நெட்டுக்கே வர விடவில்லை. பின் கோட்டுக்கு, மறுபடி பின் கோட்டுக்கு, இரண்டு மூலைக்கும் மாற்றி மாற்றி. மியா களைத்துப்போய் நெட்டுக்கு வந்தபோது கையில் அந்தத் திருப்பம் இல்லை.

இதுதான் ஜாங் நிங்கின் ஆட்டம். நம் ஊர் கோர்ட்டுகளில் பின் கோட்டுக்கு உயரமாக அடிப்பதை 'டாஸ்' என்போம். பயிற்சி எடுக்கிற பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதும் அதுதான், கொஞ்சம் கற்றதும் அவர்கள் மறந்துபோவதும் அதுதான். எல்லோருக்கும் ஸ்மாஷ் வேண்டும். ஜாங் நிங் உலக சாம்பியன் ஆனது டாஸை வைத்து. தலைக்கு மேலே மட்டை வருகிற வரைக்கும் டாஸா டிராப்பா (நெட்டை ஒட்டி மெதுவாக விழுகிற அடி) என்று எதிராளிக்குத் தெரியாது, இரண்டுக்கும் ஒரே அசைவு. எதிராளி அரை அடி பின்னால் சாய்ந்தால் டிராப் விழும், முன்னால் சாய்ந்தால் தலைக்கு மேல் போகும். உயரம் இருந்ததால் பேக்ஹேண்ட் மூலையிலும் பெரும்பாலும் தலையைச் சுற்றி ஃபோர்ஹேண்டிலேயே எடுத்துவிடுவார். ஓட்டம் குறைவு, அடி எண்ணிக்கை அதிகம். பார்வைக்குப் பரபரப்பு இல்லை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதுவே பரபரப்பு. கயிறு இழுக்கிற போட்டியில் ஒரு பக்கம் மெதுவாக, ஒரு விரல்கடை, இன்னொரு விரல்கடை என்று இழுத்துக்கொண்டு போவதைப் பார்ப்பது போல.

அப்புறம், பலரும் கவனிக்காத ஒரு விஷயம்: ஸ்கோர் முறை. ஏதன்ஸ் நடந்தபோது பெண்கள் ஒற்றையர் 11 பாயின்ட் ஆட்டம், சர்வீஸ் உங்களிடம் இருந்தால்தான் ரேலி (ஷட்டில் கீழே விழும்வரை மாறி மாறி அடிப்பது) ஜெயித்ததற்குப் பாயின்ட். இல்லாவிட்டால் சர்வீஸ் மட்டும் கைமாறும். (ஜகார்த்தாவில் 10-12 என்ற விசித்திர ஸ்கோர் வந்ததும், சமநிலை வந்தால் 12 வரை நீட்டிக்கொள்ளும் பழைய விதியால்தான்.) 2006-இல் இது மாறி, யார் சர்வீஸ் போட்டாலும் ரேலி ஜெயித்தவருக்குப் பாயின்ட், 21 வரை என்று ஆனது. இன்றைக்கும் நாம் ஆடுவது அதைத்தான். பொறுமையாக இழுத்து ஆடுகிற ஜாங் நிங் மாதிரி ஆளுக்குப் பழைய முறைதான் தோது. தன் சர்வீஸில் ஒரு ரேலி போனாலும் பாயின்ட் போகாது, மூச்சு வாங்கிக்கொள்ளலாம். புது முறையில் ஒவ்வொரு பிழையும் பாயின்ட். 31 வயதில், முட்டி வலியோடு, 15 வருடமாகக் கையில் ஊறிய தாளத்தை மாற்ற வேண்டும். ஒரே ஒரு நன்மை இருந்தது: ஆட்டங்களின் நீளம் முன்கூட்டியே ஓரளவு கணிக்கக்கூடியதாக ஆனது, வயதான முட்டிக்கு அது நல்லது. அவர் மாற்றிக்கொண்டார். ஏதன்ஸ் பழைய முறையில் நடந்தது, பெய்ஜிங் புது முறையில். இரண்டிலும் ஒலிம்பிக் பேட்மிண்டன் தங்கம் வாங்கிய ஒரே ஆள், ஆண் பெண் ஒற்றையர் இரட்டையர் எல்லாம் சேர்த்துப் பார்த்தாலும், ஜாங் நிங்தான்.

ஆனால் இடைப்பட்ட நான்கு வருடம் அவருடையது இல்லை. ஷியே ஷிங்ஃபாங்குடையது. சீன ஆண்கள் ஒற்றையர் நட்சத்திரம் லின் டானின் காதலி, பிறகு மனைவி என்று நம்மில் பலருக்குத் தெரியும். அதைவிட முக்கியமாக, அந்தக் காலத்தின் நம்பர் ஒன். 2005-இல் அனஹைம் உலக சாம்பியன்ஷிப் இறுதியில் ஜாங் நிங்கை மூன்று கேம்களில் வென்றார். 2006 மாட்ரிட் இறுதியில் மறுபடி ஜாங் நிங், இந்த முறை நேர் கேம்களில். 2005, 2006, 2007 மூன்று வருடமும், பேட்மிண்டனின் பழம்பெரும் போட்டியான ஆல் இங்கிலாந்துப் பட்டம் ஷியேவுக்குத்தான். 2007 கோலாலம்பூர் உலக சாம்பியன்ஷிப்பில் பட்டம் ஜு லின் என்ற இன்னொரு சீன வீராங்கனைக்குப் போனது, ஜாங் நிங்குக்கு வெண்கலம். லு லான் என்று மற்றொரு இளையவரும் வளர்ந்துவிட்டார். பெய்ஜிங்குக்கு மூன்று பேரைத்தான் அனுப்ப முடியும். உலக சாம்பியனான ஜு லினை விட்டுவிட்டு 33 வயது ஜாங் நிங்கை எடுத்தார்கள். 2000-இல் அவரை வெளியே நிறுத்திய அதே அமைப்பு, இந்த முறை அவருக்காக இன்னொருவரை வெளியே நிறுத்தியது.

பெய்ஜிங் ஒலிம்பிக்கைப் பற்றி நம் பக்கத்து ஞாபகம் வேறு. அந்த ஒலிம்பிக்கில்தான் 18 வயது சாய்னா நேவால் கால் இறுதி வரை போனார். இந்தோனேசியாவின் மரியா கிறிஸ்டின் யூலியாந்தியிடம் முதல் கேமை 28-26 என்று எடுத்துவிட்டு, அடுத்த இரண்டையும் இழந்தார். அந்த மரியா கிறிஸ்டினை அரையிறுதியில் 21-15, 21-15 என்று அடக்கியவர் ஜாங் நிங். சாய்னாவை அழவைத்தவருக்கு ஜாங் நிங்கிடம் ஒரு கேம்கூடக் கிடைக்கவில்லை என்பதைப் பார்த்தபோதுதான், அன்றைக்கு நமக்கும் உச்சிக்கும் எவ்வளவு தூரம் என்பது எனக்கு உறைத்தது.

ஆகஸ்ட் 16, இறுதி. ஷியே ஷிங்ஃபாங்கும் ஜாங் நிங்கும். எல்லாக் கணிப்பும் ஷியே பக்கம். ஆறு வயது இளையவர், இரண்டு உலக இறுதிகளில் இதே எதிராளியை வென்றவர். முதல் கேம் ஜாங் நிங்குக்கு 21-12. இரண்டாவதில் ஷியே 21-10 என்று திருப்பி அடித்தார். அந்த ஸ்கோரைப் பார்த்தபோது, கால் தீர்ந்துவிட்டது, மூன்றாவது கேம் வெறும் சடங்கு என்றுதான் நானும் நினைத்தேன். மூன்றாவது 21-18, ஜாங் நிங்குக்கு. இப்போது யோசித்தால், இரண்டாவது கேமை அவர் ஒரு கட்டத்தில் வேண்டுமென்றே போகட்டும் என்று விட்டிருப்பாரோ என்று படுகிறது. வயதான ஆட்டக்காரர்கள் செய்கிற தந்திரம்தான், கையில் இருக்கிற தெம்பைக் கடைசிக் கேமுக்குச் சேர்த்துவைப்பது. ஆனால் இது என் ஊகம்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு இந்த ஆட்டத்தில் இன்னொரு பதிலும் இருக்கிறது. ஏதன்ஸிலும் சிட்னியிலும் பயிற்சியாளர்கள் கை வைத்ததற்குக் காரணம், மறுபக்கத்தில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் இறுதிக்குக் காத்திருந்தார். பெய்ஜிங் இறுதியில் இரண்டு பக்கமும் சீனா. யார் ஜெயித்தாலும் தங்கமும் வெள்ளியும் வீட்டுக்குத்தான். யாரையும் யாருக்காகவும் விலகச் சொல்ல அவசியமே இல்லை. ஜாங் நிங்கின் முதல் தங்கத்தைச் சந்தேகப்படுகிறவர்கள் இரண்டாவதைப் பார்க்கட்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஒலிம்பிக் ஒற்றையர் தங்கத்தைத் தக்கவைத்த முதல் ஆள் அவர். இரட்டையரிலும் கலப்பு இரட்டையரிலும் முன்பே சிலர் செய்திருந்தார்கள், ஒற்றையரில் யாரும் இல்லை. ஆண்களில் லின் டான் அதை 2012-இல்தான் செய்தார். பெண்களில் இன்றுவரை இரண்டு ஒற்றையர் தங்கம் வைத்திருப்பவர் ஜாங் நிங் ஒருவர்தான். பிறகு தங்கம் வாங்கிய கரோலினா மரின், சென் யூஃபெய் உட்பட எல்லோரிடமும் ஒன்றுதான். நிறைவு விழாவில் சீனக் கொடியை அவர் கையில் கொடுத்தார்கள். கூடைப்பந்து வீரர் யாவோ மிங் தொடக்க விழாவில் பிடித்த கொடி.

குறைகளும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆல் இங்கிலாந்து ஒற்றையர் பட்டம் அவரிடம் இல்லை. ஆசிய விளையாட்டுத் தனிநபர் தங்கம் இல்லை. உலக சாம்பியன்ஷிப் தங்கம் ஒன்றே ஒன்று. பட்டங்களின் எண்ணிக்கையை வைத்து 'எல்லாக் காலத்துக்கும் சிறந்தவர்' பட்டியல் போட்டால் சூசி சுசாந்திக்கும் லி லிங்வெய்க்கும் கீழேதான் வருவார். லி லிங்வெய் ஆடிய காலத்தில் ஒலிம்பிக்கில் பேட்மிண்டன் பதக்கப் போட்டியாகவே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வருடம் முழுக்க எல்லோரையும் வெல்கிற ஆள் இல்லை ஜாங் நிங். நான்கு வருடத்துக்கு ஒரு முறை, அந்த ஒரு வாரம், அவரை யாராலும் வெல்ல முடியவில்லை.

ஓய்வுக்குப் பிறகு தேசிய அணியில் பெண்கள் ஒற்றையர் பயிற்சியாளர் ஆனார். நமக்கு நன்றாகத் தெரிந்த பெயர்கள் அவருடைய மாணவிகள்: வாங் இஹான், வாங் ஷின், லி ஷுவேருய், வாங் ஷிஷியான். 2012 லண்டனில் சாய்னாவை அரையிறுதியில் வென்றவர் வாங் இஹான். வெண்கல ஆட்டத்தில் முதல் கேமை ஜெயித்துவிட்டு முட்டி பிசகிக் கீழே விழுந்து, சாய்னாவுக்குப் பதக்கம் கிடைக்கக் காரணமானவர் வாங் ஷின். தங்கம் வாங்கியவர் லி ஷுவேருய், வாங் இஹானை மூன்று கேம்களில் வென்று.

நான்காவது பெயர் வாங் ஷிஷியான். 2010 ஆசிய விளையாட்டுத் தங்கம், 2011 ஆல் இங்கிலாந்துப் பட்டம் எல்லாம் கையில் இருந்தும் லண்டனுக்கான மூன்று பேரில் அவர் இல்லை. 2012 வசந்த காலத்தில் லி ஷுவேருய் ஆல் இங்கிலாந்தை எடுத்து முந்திக்கொண்டார். 2014-இல் வாங் ஷிஷியான் மறுபடி ஆல் இங்கிலாந்து ஜெயித்தார், இறுதியில் அதே லி ஷுவேருயை வென்று. 2016 ரியோ ஒலிம்பிக்குக்கு ஒரு நாட்டுக்கு இரண்டு பேர் என்று விதி குறுகியது. லி ஷுவேருயும் வாங் இஹானும் போனார்கள். வாங் ஷிஷியான் அந்த வருடமே, 26 வயதில், ஒரு ஒலிம்பிக்கையும் பார்க்காமல் ஓய்வு பெற்றார். அந்த வயதில் ஜாங் நிங் இருந்ததும் அதே இடத்தில்தான்.